மணவாளக்குறிச்சி மணலும் தைராய்டு மருந்தும் ஒன்றா?

"அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள். எங்கள் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு. இரண்டும் சேர்ந்தால் ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள், இரண்டும் வேறு வேறு. நம் ஊர் மணலை உள்ளங்கையில் அள்ளி வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது இல்மனைட், செம்மையாக மின்னுவது கார்னெட். இடையிடையே தேன் நிறத்தில் கிடப்பதுதான் மோனசைட், அதற்குள் கதிர்வீச்சு தரும் தோரியம். அது பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் வீரியமும் குறைவு. கேரளத்தில் இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். இந்தக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131, எட்டே நாளில் பாதியாகிவிடும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தைராய்டு செல் சாதாரண அயோடின் என்று நினைத்தே இதை உறிஞ்சும். உள்ளே போனதும் அது வெளியிடும் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளேயே நோயுற்ற செல்லை அழிக்கும். இந்த மருத்துவத்தை நான் மிகவும் மதிப்பது இதற்காகத்தான்.

கூடவே வரும் காமா கதிர் உடலுக்கு வெளியேயும் வரும். அதனால்தான் அம்மாவைத் தனி அறையில் வைப்பார்கள். சிறுநீரிலும் எச்சிலிலும் மருந்து வெளியேறும். கழிப்பறையில் இருமுறை தண்ணீர் விடச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும் நாள்வரை பேரப்பிள்ளைகளை மடியில் வைக்க வேண்டாம். அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும். வாசலில் தள்ளி உட்கார்ந்து பேசட்டும்.