58 புள்ளியும் அடுத்த கிழமைப் பரீட்சையும்

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மம்மாவுக்கு என் அஞ்சலி. லண்டனில் பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கிறீர்கள். முதல் ஒப்படைக்கு 58 புள்ளி வந்ததை ஆரையம்பதியில் இருக்கும் அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றும், அம்மம்மா காலமானதைப் பல்கலைக்கழகத்துக்கு அறிவிப்பதா, பேசாமல் அடுத்த கிழமை பரீட்சை எழுதுவதா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நமது இலங்கை உயர்தரப் பரீட்சையில் 75 எடுத்தால்தான் ஏ. 58 வெறும் சி. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே 70 எடுத்தால் முதல் வகுப்பு, 60 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 50 எடுத்தால் கீழ்ப்பிரிவு, 40 எடுத்தால் சித்தி. மேற்பிரிவுக்கு உங்களுக்கு இரண்டு புள்ளிதான் குறைவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டுப் புள்ளிகள் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதும் இல்லை. அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

அந்த இரண்டு புள்ளி எங்கே போயிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கேள்வி (demand) வளையியையும் நிரம்பல் (supply) வளையியையும் பிழையில்லாமல் வரைவோம், வரைவிலக்கணத்தை மனப்பாடமாக எழுதுவோம். வளையி ஏன் நகர்ந்தது, எந்த எடுகோள் பொய்த்தால் முடிவு மாறும் என்று எழுத மாட்டோம். இங்கே உயர்ந்த புள்ளி அந்த வாதத்துக்குத்தான்.

இனி முக்கியமான விடயம். பேசாமல் எழுதிவிடாதீர்கள். பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி, மண்டபத்தில் போய் உட்கார்ந்தாலே பரீட்சை எழுதத் தகுந்த நிலையில் இருப்பதாக நீங்களே அறிவித்ததாகப் பொருள். எனக்குத் தெரிந்த கல்முனைப் பையன் ஒருவன், தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்ததை யாருக்கும் சொல்லாமல் எழுதித் தவறினான். பிறகு சொன்னபோது காலம் கடந்துவிட்டது. மறுபரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதியும் அவனுக்குக் கிடைத்தது 40தான். அதற்கு மேல் போட விதி இடம்தரவில்லை. துக்கத்தைக் காரணம் காட்டிப் பரீட்சையைப் பின்போடும்படி முன்கூட்டியே விண்ணப்பித்து, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், பின்னர் எழுதும் பரீட்சை பொதுவாக முதல் தடவையாகவே கணிக்கப்படும், நீங்கள் எடுத்த புள்ளி குறைக்கப்படாமல் அப்படியே கிடைக்கும். வீட்டுத் துக்கத்தை அந்நியரிடம் சொல்வது நம் ஆட்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். உங்களை வளர்த்தது அம்மம்மா என்றால் அதையும் விண்ணப்பப் படிவத்தில் எழுதுங்கள். மட்டக்களப்பு வீடுகளில் அம்மம்மா இன்னொரு தாய் என்பதை நீங்கள் எழுதினால்தான் இவர்கள் அறிவார்கள்.

பெறுபேறு வந்தபின் மீள்பரிசீலனைக்குப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள். நடைமுறையில் தவறு நடந்திருந்தால் மேன்முறையீடு செய்யலாம். விரிவுரையாளர் உங்கள் விடையை மதிப்பிட்ட விதத்தை எதிர்த்து வாதாட முடியாது.

மரணச் சான்றிதழின் பிரதியை ஊரிலேயே மண்முனைப்பற்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும், அதற்குச் சில நாள் போகும். அதுவரை காத்திருக்காமல் படிவத்தை இன்றே அனுப்பி, சான்று பின்னர் வரும் என்று அதில் குறிப்பிடுங்கள்.