அவுட்பேக்ல ரூம் எடுத்து போட்டோகிராபி படிக்கலாமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்டத ஒரு தடவ நானே திருப்பிச் சொல்லிடறேன், மத்தவங்களும் படிப்பாங்கல்ல. விஸ்காம் முடிச்சிட்டு மதுரைல ரெண்டு வருஷமா கல்யாண போட்டோ எடுத்துட்டு இருக்க. மெல்போர்ன்ல ஒரு காலேஜ்ல போட்டோகிராபி டிப்ளமோவுக்கு இடம் கிடைச்சிருக்கு, ஆனா அங்க வாடகை கட்டுப்படியாகாது. அதனால அவுட்பேக்ல (ஆஸ்திரேலியா உள்நாட்டுல ஆள் நடமாட்டம் கம்மியான வறண்ட பகுதி) ஏதாவது சின்ன ஊர்ல ரூம் எடுத்து ஆன்லைன்லயே படிச்சிக்கலாம், அந்தச் செம்மண்ணையும் வானத்தையும் எடுத்தே போர்ட்ஃபோலியோ தேத்திடலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. சரியா வருமா, எந்த கேமரா வாங்கணும், தமிழ் ஆளுங்க இருக்காங்களா, பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) கிடைக்குமா, இதான கேள்வி.

படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஏன்னா 2013 ஜனவரில ப்ரோக்கன் ஹில்ல வந்து இறங்கினப்போ என் மனசுலயும் கிட்டத்தட்ட இதே கனவுதான் இருந்துச்சு. எனக்கு ஊரு தூத்துக்குடி. வீட்டுக்காரருக்கு இங்க மைன்ல மெக்கானிக் வேலை, அப்போ இருந்த 457-ங்கிற வேலை விசா, நான் அவரோட டிபெண்டன்ட்டா வந்தேன். கைல ஒரு நிக்கான் டி90, அதோட வந்த லென்ஸ், அவ்ளோதான். சிட்னில இருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளி இருக்கிற ஊரு. நாங்க வந்த வாரம் பூரா 40 டிகிரிக்கு மேல. நம்ம ஊரு வெயிலப் பாத்தவதானேன்னு தைரியமா வெளிய நடந்து போனேன், பத்து நிமிஷத்துல உதடு வெடிச்சிருச்சு. நம்ம ஊர்ல வேர்த்துக் கொட்டும், இங்க வேர்வை வர்றதே தெரியாது, அதுக்குள்ள காஞ்சிரும். தண்ணி தாகம் எடுத்து குடிக்கக் கூடாது, அதுக்கு முன்னாடியே குடிக்கணும்.

முதல்ல அந்த ஏஜென்ட் விஷயம், இதுலதான் எனக்குக் கோபம் வருது. நீ வரப்போறது ஸ்டூடன்ட் விசா 500. அந்த விசால படிக்கிறவங்க மொத்தப் படிப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆன்லைன்ல படிக்க முடியாது, எந்த டெர்ம்லயும் ஒரு சப்ஜெக்ட்டாவது நேர்ல போய் படிச்சாகணும். காலேஜ் மெல்போர்ன்ல இருக்கு, நீ 840 கிலோமீட்டர் தள்ளி ப்ரோக்கன் ஹில்ல இருந்தா எப்படிப் போவ? அட்டெண்டன்ஸும் மார்க்கும் கீழ போச்சுன்னா காலேஜே ரிப்போர்ட் பண்ணிடும், அப்புறம் விசாவுக்கே ஆபத்து. நானும் ப்ரோக்கன் ஹில்ல இருந்தே ஆன்லைன்ல போட்டோகிராபி படிச்சவதான், ஆனா நான் ஸ்டூடன்ட் விசால இல்ல, டிபெண்டன்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால முடிஞ்சுது. ஃபீஸ் மட்டும் வெளிநாட்டு ஆளுக்கு உள்ளதுதான் கட்டினேன். இந்த வித்தியாசத்த உங்க ஏஜென்ட் சொல்லல பாத்தியா. விசா விண்ணப்பத்துக்கு மட்டுமே 2025 ஜூலைல 2,000 டாலர் ஆக்கிட்டாங்க. அது திரும்ப வராது. வேலையும் டெர்ம் நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். ஏபிஎன் (சொந்தத் தொழிலுக்கான பதிவு எண்) எடுத்து ஃப்ரீலான்ஸா போட்டோ எடுத்தாலும் அதுவும் அந்த 48-லதான் சேரும், கைல காசு வாங்கினா கணக்குல வராதுன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாத. என் கண் முன்னால ஒரு பையன் இப்படி ஏஜென்ட் பேச்சக் கேட்டு வந்து ஒரே வருஷத்துல திரும்பிப் போனான், அவங்கப்பா நிலத்த வித்துக் கட்டின காசு.

அதனால நீ மெல்போர்ன்லயே இரு, நாலு பேரோட ரூம் ஷேர் பண்ணு, லீவுல இங்க வா. இல்லன்னா ரீஜனல் ஊர்லயே, அதாவது பெரிய நகரத்துக்கு வெளிய, கேம்பஸ் உள்ள காலேஜாப் பாரு, வெளிநாட்டு மாணவர எடுக்க அந்த கேம்பஸுக்கு அனுமதி இருக்கானு கேட்டு எழுத்துல வாங்கு.

இனி அவுட்பேக்குக்கு வர்றதப் பத்தி. இங்க போட்டோ எடுக்க வர்றவங்களுக்கு பெரிய ஆபத்து பாம்பு இல்ல, வெயில் கூட இல்ல, கங்காருதான். நல்ல வெளிச்சம் வர்ற நேரமும் கங்காரு ரோட்டுக்கு வர்ற நேரமும் ஒண்ணு. சூரியன் சாயும்போதும் விடியும்போதும்தான் அதுங்க மேயக் கிளம்பும், அதே நேரத்துலதான் நீயும் கேமராவத் தூக்கிட்டு ஓடுவ. பக்கத்து ஊரு சில்வர்ட்டனுக்கு அந்தப் பக்கம் முண்டி முண்டி சமவெளினு ஒண்ணு இருக்கு, மேட்டுல நின்னு பாத்தா பூமி வளையிற மாதிரி தெரியும், மேட் மேக்ஸ் ரெண்டாவது படம் அந்தப் பக்கம்தான் எடுத்தாங்க. நான் அங்க சன்செட் எடுத்துட்டு மனசு நிறைஞ்சு திரும்பி வர்றேன், இருட்டு விழுந்து இருபது நிமிஷம் கூட ஆகல, 100-ல போய்ட்டு இருக்கேன், ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சு. ரேடியேட்டர் போச்சு, முன் விளக்கு போச்சு, போன்ல சிக்னல் இல்ல. ஒண்ணரை மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் யூட் (பின்னாடி திறந்த தொட்டி வச்ச வண்டி) ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் நிறுத்தினாரு, என்ன ஆச்சுன்னு என்னைக் கேட்டுட்டு நேரா செத்துக் கிடந்த கங்காருகிட்ட போய் பையில கை விட்டுப் பாத்தாரு, உள்ள குட்டி உயிரோட இருந்துச்சு. தன் ஸ்வெட்டர்ல சுத்தி என் மடில வச்சாரு. ஊர் வந்து சேர்ற வரைக்கும் அதோட நெஞ்சு துடிக்கிறது என் கைக்குத் தெரிஞ்சுது. காட்டு விலங்கு வளர்க்கிறவங்ககிட்ட குடுத்தோம், பொழச்சிருச்சு.

அன்னைல இருந்து எனக்கு ஒரே பழக்கம்தான். எங்க எடுக்கணுமோ அங்கயே ஸ்வாக் (சுருட்டி எடுத்துட்டுப் போற கேன்வாஸ் படுக்கை) விரிச்சுப் படுத்துருவேன், வெயில் நல்லா ஏறினதுக்கு அப்புறம்தான் வண்டியத் தொடுவேன். பத்து லிட்டர் கேன் ரெண்டு எப்பவும் பின்னாடி இருக்கும். எந்த ரோட்ல போறேன், எப்போ வருவேன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். வண்டி நின்னுட்டா வண்டிய விட்டு நடக்கவே கூடாது தம்பி, மேல இருந்து தேடுறவங்களுக்கு வண்டி தெரியும், நீ தெரிய மாட்ட. மழ பெஞ்சு மண்ரோடு மூடியாச்சுன்னு போர்டு வச்சிருந்தா அதத் தாண்டிப் போகாத, மாட்டிக்குவ, அபராதமும் பெருசு.

தூத்துக்குடில லென்ஸுக்குப் பூஞ்சை வந்துரும்னு அரிசிப் பானை மாதிரி டப்பால சிலிகா ஜெல் போட்டு வச்சிருப்போம். இங்க காத்துல ஈரமே கிடையாது, பூஞ்சைப் பேச்சே இல்ல, ஆனா புழுதி இருக்கே, அது மாவு மாதிரி. வெளிய நின்னு லென்ஸ் மாத்தினா அன்னைக்கு எடுத்த எல்லா வானத்துலயும் புள்ளி புள்ளியா இருக்கும். நான் ஒரு லென்ஸ மாட்டிட்டு கிளம்பினா வீடு வர்ற வரைக்கும் கழட்ட மாட்டேன்.

செம்மண்ணப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். முதல் தடவ இங்க மண்ணப் பாத்ததும் எனக்குத் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழி தேரிதான் கண்ணுல வந்துச்சு, அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போவாரு. அந்த மண்ணு மேல நிக்கிற ஆள எடுத்தா கீழ இருந்து சிவப்பு தெறிச்சு தாடைக்கு அடில ஆரஞ்சா விழும், அத கம்ப்யூட்டர்ல எடுக்கிறது லேசு இல்ல, முகம் சரியானா மண்ணு வெளுத்துரும். தேரில எடுத்து எடுத்து அது எனக்குத் தெரியும். கூட படிச்ச சிட்டி பசங்களுக்கு அது தெரியல, டீச்சர் என் படத்த மட்டும் காட்டி எப்படி எடுத்தேன்னு கேட்டாங்க. தரைல ஒரு வெள்ளைத் துணி விரிச்சேன், அவ்ளோதான். நம்ம உப்பளத்து வெயில்ல எடுத்துப் பழகின கண்ணு எங்க போனாலும் வீணாகாது.

ஆனா எனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல ஒரு முகம் எடுக்கணும்னு அசைன்மென்ட். புத்தகத்துல எல்லாம் வடக்கு ஜன்னல், வடக்கு ஜன்னல்னு போட்டிருப்பான், நேர் வெயில் விழாம மெத்துனு வெளிச்சம் வரும்னு. பக்கத்து வீட்டுல ஒரு அம்மா, எண்பது வயசுக்கு மேல, புருஷன் மைன்ல வேல பாத்து செத்துப்போனவரு. அவங்கள வடக்கு ஜன்னல்கிட்ட உக்கார வச்சேன். ஜூலை மாசம், வெயில் சாய்வா நேரா மூஞ்சிலயே அடிக்குது, கண்ணத் திறக்க முடியல அவங்களால. நான் திரைச்சீலைய இழுக்கிறேன், விடுறேன், ஒண்ணும் சரியா வரல. கடைசில அவங்களே சொன்னாங்க, இந்த நாட்டுல சூரியன் வடக்கதான் போகும் கண்ணு, பின்னாடி ரூமுக்கு வான்னு. ப்ரோக்கன் ஹில் பூமத்திய ரேகைக்கு 32 டிகிரி தெற்கு. உச்சிப் பொழுதுல சூரியன் வருஷம் பூரா வடக்கு வானத்துலதான். புத்தகம் எழுதினவன் பூமியோட வடக்குப் பாதில உக்காந்து எழுதினது. பின் ரூமுல தெக்கு ஜன்னல், பழைய தையல் மெஷின் ஒண்ணு, அதுல கை வச்சிட்டு உக்காந்தாங்க. நான் எடுத்ததுலயே அதுதான் எனக்குப் பிடிச்ச படம், இப்பவும்.

அங்க இருந்துதான் எனக்கு ஊரே திறந்துச்சு. இந்த ஊர்ல பொறந்தவங்கள ஏ குரூப்னு சொல்லுவாங்க, மத்தவங்க எல்லாம் ஃப்ரம் அவே, அதான் வெளியூர்க்காரங்க, அறுபது வருஷம் இருந்தாலும் ஃப்ரம் அவேதான். ஆனா அந்த அம்மா என்னை தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாங்க, தங்கச்சி கிளப்புக்கு அனுப்பினாங்க. சனிக்கிழமை ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) மேட்ச்ல ஒரு சீசன் பூரா காசு வாங்காம எடுத்துக் குடுத்தேன், அடுத்த வருஷம் ஸ்கூல் போட்டோ வந்துச்சு (அதுக்கு வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்னு குழந்தைங்களோட வேல பாக்குறதுக்கான அனுமதி வாங்கணும், மறக்காத), அப்புறம் மைன் கம்பெனி. 2024 அக்டோபர்ல புயல்ல ஏழு கரண்ட் டவர் சாஞ்சு ரெண்டு வாரம் போல கரண்ட் வந்து வந்து போச்சு. ஊரே தவிச்சுது, நான் 2012-ல நம்ம ஊரு கரண்ட் கட்ல குப்ப கொட்டினவ. ஃப்ரீசர்ல இருந்த கறி கெடறதுக்கு முன்னாடி தெருவே சேர்ந்து வாசல்ல சுட்டு சாப்பிட்டுச்சு. டார்ச் வெளிச்சத்துல அந்த முகங்கள எடுத்தேன் பாரு, பதினோரு வருஷம் இங்க இருந்ததுனாலதான் யாரும் முகத்தத் திருப்பல.

நம்ம ஆளுங்களப் பத்தியும் சொல்லிடறேன், சொல்றது சங்கடம்தான். 491 விசால, பிஆர் கேக்கணும்னா ரீஜனல் ஊர்ல மூணு வருஷம் இருக்கணும்னு வந்து, பெட்டியக் கூட முழுசாப் பிரிக்காம நாள எண்ணிட்டு இருக்கிறவங்கள நிறையப் பாத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க பேரு தெரியாது, இது ஒரு ஊரான்னு வீடியோ போடுவாங்க. இன்னொரு கூட்டம் அடிலெய்டு, மெல்போர்ன்ல இருந்து வேன் எடுத்துட்டு ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு வரும். 42 டிகிரில அந்தப் பொண்ணுக்குப் பட்டுப்புடவ கட்டி நிக்க வச்சு மயக்கம் போட வச்சாங்க ஒரு தடவ, நான்தான் தண்ணி குடுத்தேன். ட்ரோன வீட்டுக் கொல்லைக்கு மேல பறக்க விடறது, ஆளுங்ககிட்ட இருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கணும்னு சட்டம் இருக்குன்னு சொன்னா எரிச்சல் படறது. இங்க ஃப்ளையிங் டாக்டர் விமானம், நோயாளிங்களுக்கு ஆம்புலன்ஸ் மாதிரி, எந்த நேரமும் இறங்கும், விளையாட்டு இல்ல அது.

அதவிட முக்கியமா பூர்வகுடி மக்கள். இந்த மண்ணு வில்யாக்காலி மக்களோடது, மெனிண்டி பக்கம் ஆத்தங்கரை பார்க்கிண்ட்ஜி மக்களோடது. பொது இடத்துல யாரையும் எடுக்கலாம்னு சட்டம் விடும், ஆனா கேக்காம எடுக்காத. இறந்தவங்க படத்தக் காட்டுறது பல குடும்பத்துக்கு வேதனை, அதனால ஒரு படத்த வெளியிட்டுட்டா பொறுப்பு முடிஞ்சிடுச்சுன்னு நினைக்க முடியாது. 2023 மார்ச்ல மெனிண்டில கோடிக்கணக்கா மீன் செத்து மிதந்தப்போ நானும் போனேன். நாத்தத்துல நிக்க முடியல. கரையில ஒரு குடும்பம் அழுதுட்டு நின்னுச்சு. கேமராவ பைக்குள்ள வச்சிட்டேன், மீனத்தான் எடுத்தேன், அவங்கள எடுக்கல. அத நினைச்சு இன்னைக்கு வரைக்கும் வருத்தப்பட்டதில்ல.

மீதி கேள்விக்கு வர்றேன். கேமரா இருக்கிறதக் கொண்டு வா. தமிழ் ஆளுங்க எங்க ஊர்ல விரல் விட்டு எண்ணலாம், இட்லி அரிசிக்கு 500 கிலோமீட்டர் அடிலெய்டு போகணும், போற வழில ஊட்லா விர்ரா செக்போஸ்ட்ல பழத்த எல்லாம் வாங்கி வச்சுக்குவாங்க, பழ ஈ பரவக் கூடாதுன்னு. கருவேப்பிலை தொட்டில வச்சிருக்கேன், குளிருக்கு உள்ள தூக்கி வச்சிருவேன். பிஆர் பத்தி என்னைக் கேக்காத, பதிவு பண்ணின மைக்ரேஷன் ஏஜென்ட்டக் கேளு, அவங்களுக்கு ஒரு நம்பர் இருக்கும், அத வாங்கிச் சரி பாரு.

அப்புறம் ஒண்ணு, ப்ரோக்கன் ஹில் இருக்கிறது நியூ சவுத் வேல்ஸ்லதான், ஆனா கடிகாரம் அடிலெய்டு நேரம், மெல்போர்னுக்கு அரை மணி நேரம் பின்னாடி. அது தெரியாம முதல் ஆன்லைன் வகுப்பே எனக்கு பாதிதான் கிடைச்சுது.

ஆஃபர் லெட்டர்ல கேம்பஸ் எந்த ஊர்னு போட்டிருக்குன்னு பாத்து எனக்கு எழுது. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி எழுது. லீவுக்கு இங்க வர்றதா இருந்தா ஜூலைல வா, ஜனவரில வராத. ராத்திரி சுத்தமா இருக்கும். எங்க தாத்தா தெக்க கடல் மேல தாழக் காட்டின அகத்தியர் நட்சத்திரம் இங்க கோடைல உச்சிக்குக் கிட்டயே நிக்கும், ஜூலைல விடியறதுக்கு முன்னாடி தென்கிழக்குல நல்லா மேல நிக்கும், அதுக்கு சீக்கிரம் எந்திரிக்கணும். ஸ்வாக் என்கிட்ட ரெண்டு இருக்கு.