மழை பெய்தால் நெட் போகிறது: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மழைக் கடிதங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இப்படித்தான் வரும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தங்கள் பங்கை ஆனி, ஆடியிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். செம்புக் கம்பி இணைப்பு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழைய வேண்டுகோள்தான்: மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள்.

போன் மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்து, இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப வருகிறது. மோடத்தை மாற்றியும் பலனில்லை.
– வாசகர், அருவங்காடு

மோடத்தை எதற்கு மாற்றினீர்கள்? மணி அடிக்கும்போது லைனில் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் ஓடுகிறது. ஸ்பிளிட்டரை (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) தாண்டாமல் நேராக லைனில் மாட்டிய போன் ஒன்று உங்கள் வீட்டில் எங்கோ இருக்கிறது. மாடியிலோ, பெரியவர் படுக்கும் அறையிலோ யாராவது எப்போதோ இழுத்த பாரலல் இணைப்பாக இருக்கும். வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் ஸ்பிளிட்டருக்குப் போக வேண்டும். அதிலிருந்து ஒரு வழி மோடத்துக்கு, மற்றொரு வழி வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும். எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டுக் கைபேசியிலிருந்து உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் கோளாறு வெளியே, கம்பியை ஒட்டுப்போட்ட ஜாயிண்டில். கீழே குன்னூர் வாசகிக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

8 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். டவுன்லோட் செய்யும்போது 900 கேபிதான் காட்டுகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகர், கோத்தகிரி

இல்லை. திட்டம் பிட் கணக்கு, டவுன்லோட் பைட் கணக்கு. எட்டால் வகுத்து, வழிச்செலவுக்குக் கொஞ்சம் கழித்தால் 900 சரியாக வரும். உங்களுக்கு அமோகமான லைன் கிடைத்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

எங்கள் எஸ்டேட் வீடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேர்க்கோட்டில் மூன்று கிலோமீட்டர்தான். பிராட்பேண்ட் கிடைக்குமா? எவ்வளவு வேகம் வரும்?
– வாசகர், தேவர்சோலை அருகே

நேர்க்கோட்டில் பறப்பது காகம். கம்பி சாலையோடு வளைந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி வருகிறது. மலையில் வரைபடத்து மூன்று கிலோமீட்டர், கம்பியில் ஐந்தாகிவிடுவது சாதாரணம். ஏடிஎஸ்எல்-2 பிளஸ் (செம்புக் கம்பியில் நெட் தரும் முறை) இணைப்பில் கம்பி நீளம் ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்கலாம், மூன்றில் பத்துக்கு முன்னே பின்னே, நான்கில் நாலைந்து. ஐந்தில் இரண்டு கிடைத்தாலே பாக்கியம், அதுவும் ஜாயிண்டெல்லாம் ஒழுங்காக இருந்தால். இந்திய அரசு 2004இல் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்றது. 2023இல் அதையே 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. ஆக, நீங்கள் சரியாக வரம்பின்மேல் நிற்கிறீர்கள்.

இணைப்பு வாங்கிய பிறகு கம்ப்யூட்டரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் இழப்பு, 60 டெசிபலைத் தாண்டினால் தூரம் அதிகம், யாரையும் திட்டிப் பயனில்லை. எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி, 6க்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்காது, பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. முதல் எண் பெரும்பாலும் மாறாது. இரண்டாவது எண் மழையன்று சரிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அருகில் ஃபைபர் வந்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அதை வாங்குங்கள்.

நெட் ஸ்லோ. உடனே பதில் தேவை.
– பெயரில்லை, ஊரில்லை

செம்பா, ஃபைபரா? எப்போதிலிருந்து? போனில் சத்தம் தெளிவாக இருக்கிறதா? மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது, எது மினுக்குகிறது? இவற்றை எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நானும் அவசரமாக ஒரு பதில் தருகிறேன்: மோடத்தை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

வெயில் அடித்தால் நெட் நன்றாக இருக்கிறது. மழையோ மூடுபனியோ வந்தால் போய்விடுகிறது. புகார் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து வெயிலில் ஆள் வந்து, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று வருடமாக இதே கதை.
– வாசகி, குன்னூர்

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். இந்த மலையில் இணைய வேகத்தைத் தின்பது தூரமும் அல்ல, திட்டமும் அல்ல. கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட்.

மரம் விழுந்து கம்பி அறும். சாலை அகலப்படுத்தும் இயந்திரம் தோண்டி அறுக்கும். குரங்கு ஊஞ்சலாடி அறுக்கும். ஒட்டுப்போட வருபவர் பல்லால் உறையைக் கடித்து உரித்து, இரண்டு முனைகளையும் நான்கு முறுக்கு முறுக்கி, மின்சார வேலைக்கு வாங்கிய டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். போன் பேசினால் பேசும், வேலை முடிந்தது. பேச்சுக்குத் தேவைப்படுவது மூன்று, நான்கு கிலோஹெர்ட்ஸ்தான். உங்கள் பிராட்பேண்ட் அதே கம்பியில் இரண்டு மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்குகிறது. அந்த உயர் அதிர்வெண்ணில் ஒவ்வொரு கெட்ட ஜாயிண்டும் சிக்னலைப் பிய்த்துத் தின்றுவிடும்.

சமவெளியில் இந்த டேப் ஒன்றிரண்டு வருடம் தாங்கும். இங்கே ஒரு மார்கழி தாங்காது. இரவுக் குளிரில் பசை விட்டுவிடும், காலை மூடுபனி உள்ளே புகும், மதிய வெயிலில் பாதி உலரும். அப்படிப்பட்ட ஜாயிண்ட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். டேப்பின் உட்புறம் வியர்த்திருக்கும், முறுக்கின் இடுக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், விரலால் இழுத்தால் ஒரு முனை ஒடிந்து கையோடு வந்துவிடும். லைனில் எந்நேரமும் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. ஈரமும் அதுவும் சேர்ந்தால் செம்பு அரிக்காமல் என்ன செய்யும்? இரண்டு கம்பிகளுக்கு நடுவே மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டிய தடை, நனைந்த ஜாயிண்டில் சில ஆயிரம் ஓமுக்கு வந்துவிடும். வெயில் வந்தால் உலர்ந்து நல்ல பிள்ளையாகிவிடும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் பார்த்தது அந்த நல்ல பிள்ளையைத்தான்.

இத்தனைக்கும் மாற்று ஒன்றும் பெரிய விஷயமில்லை. உள்ளே ஜெல்லி நிரப்பிய சிறு கனெக்டர், விரல் நுனி அளவு, விலை சில ரூபாய். கம்பியை உரிக்காமலே உள்ளே செருகி, பிளையரால் ஒரு அழுத்து அழுத்தினால் ஜெல்லி பிதுங்கி முனையை மூடிவிடும், தண்ணீர் நுழையாது. இதைப் பையில் வைத்துக்கொள்ளாமல் மலையில் ஏன் லைன் வேலைக்கு வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியாத புதிர்.

நீங்கள் செய்ய வேண்டியது: மழை பெய்யும்போது போனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று லைன் அமைதியாகும். அந்த அமைதியில் கரகரவென்று பொரிந்தால் ஜாயிண்ட்தான். புகாரில் "நெட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள், "போனில் கரகரப்பு" என்று சொல்லுங்கள். முன்னதற்கு மோடத்தைப் பார்க்க ஆள் வருவார், பின்னதற்கு லைனைப் பார்க்க ஆள் வருவார். வருபவர் வெயிலில்தான் வருவார் என்றால், சுவரோரம் கைக்கு எட்டும் ஜாயிண்டின்மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அவர் காதில் போனை வையுங்கள். கம்பத்தில் நீங்கள் ஏறக் கூடாது, சொல்லிவிட்டேன். கம்பத்துப் பெட்டியிலிருந்து உங்கள் சுவர் வரை நடுவில் ஒட்டில்லாத ஒரே கம்பியாக மாற்றித் தரக் கேளுங்கள், கம்பிக்குப் பணம் கேட்டால் கொடுங்கள். சுவருக்குள் நுழையும் முன் கம்பி கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் கதவு கழன்று தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கும்.

போன் முற்றிலும் செத்துவிட்டது, டயல் டோன் இல்லை. ஆனால் நெட் மெதுவாக வருகிறது. இது எப்படி?
– கல்லூரி மாணவர், கேத்தி

நல்ல கேள்வி. இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ துண்டாகியிருக்கிறது. நேர்மின்சாரம் இடைவெளியைத் தாண்டாது, அதனால் டயல் டோன் இல்லை. உயர் அதிர்வெண் சிக்னல் கொஞ்சம் தாண்டிவிடும், அதனால் நெட் நொண்டி நொண்டி வருகிறது. நெட்தான் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள், நாளை அதுவும் நிற்கும். துண்டானது எதில் என்கிறீர்கள்? முந்தைய பதிலைப் பாருங்கள்.

யூபிஎஸ் இருந்தும் மூன்றாவது மோடம் மின்னலில் எரிந்துவிட்டது. எந்த நிறுவன மோடம் வாங்கினால் தாங்கும்?
– வாசகர், மஞ்சூர்

எதுவும் தாங்காது. யூபிஎஸ் பார்ப்பது கரண்ட் பக்கத்தை மட்டும். உங்கள் மோடத்தின் மறுமுனையில் மலையெல்லாம் சுற்றி வரும் சில கிலோமீட்டர் செம்புக் கம்பி இருக்கிறது. மின்னல் உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை, அடுத்த மலையில் விழுந்தாலே அந்தக் கம்பியில் அலை பாயும். இடி கேட்டவுடன் இரண்டையும் கழற்றுங்கள், கரண்ட் பிளக்கையும் லைன் பிளக்கையும். ஒன்றை மட்டும் கழற்றுவது கழற்றாததற்குச் சமம். கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் வயரையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மோடம் வழியே அதுவும் போகும். சித்திரை, வைகாசி மதியங்களிலும் ஐப்பசி மாலைகளிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும்போதே கழற்றிவிட்டுப் போங்கள். இடி நேரத்தில் வயருள்ள போனில் பேசவும் வேண்டாம்.

லைனுக்கு வாயுக் குழாய் சர்ஜ் தடுப்பான் (மின்னல் அலையை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைக்கலாம், எர்த் ஒழுங்காக இருந்தால். பாறைமேல் அரை மீட்டர் மண்ணில் குத்திய கம்பிக்கு எர்த் என்று பெயர் வைத்தால் மின்னல் ஒத்துக்கொள்ளாது.

மோடத்தின் பின்னால் சிறு துளையில் ஊசியால் குத்தினேன். அதிலிருந்து நெட் இல்லை.
– வாசகர், உதகை

ஏன் குத்தினீர்கள்? உள்ளே இருந்த பயனர் பெயர், கடவுச்சொல், லைன் அமைப்பு எல்லாம் அழிந்துவிட்டன. இணைப்பு தந்தவர்களிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்கி, பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும்) முறையில் மறுபடி இடுங்கள். பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல் என்றால் லைன் அமைப்பில் கேட்கும் இரண்டு எண்கள் விபிஐ 0, விசிஐ 35. இனிமேல் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டுங்கள், ஊசியைத் தையல் பெட்டியில் வையுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். பழைய கல் கட்டடம். வரவேற்பறையில் வைஃபை நன்றாக இருக்கிறது, மூன்றாவது அறையில் வருவதில்லை. இரண்டு ரிப்பீட்டர் வாங்கியும் விருந்தினர் திட்டுகிறார்கள்.
– வாசகி, கொடைக்கானல்

ஒன்றரை, இரண்டு அடிக் கருங்கல் சுவரை வைஃபை தாண்டாது. ரிப்பீட்டர் என்பது நன்றாக வரும் சிக்னலைத் திருப்பிச் சொல்லும் கருவி. வராத இடத்தில் வைத்தால் எதைச் சொல்லும்? ஒரு கேட்-6 லேன் வயரை மூன்றாவது அறைக்கு இழுத்து, அங்கே ஓர் அக்சஸ் பாயிண்ட் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். நூறு மீட்டர் வரை இழுக்கலாம். தோட்டத்துக் காட்டேஜ் தனிக் கட்டடம் என்றால் செம்பு வயரை வெளியே இழுக்காதீர்கள், மின்னலுக்குப் பாலம் கட்டியது போலாகும். உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் லேன் வயரையும் இணைக்கும் பெட்டி) வைத்தால் பிரச்சினை இல்லை.

ஃபைபர் இணைப்பு. வாரம் ஒரு முறை சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஓஎன்டியில் (வீட்டிலுள்ள ஃபைபர் மோடம்) ஒளி அளவு மைனஸ் 29 என்று காட்டுகிறது. குரங்குகள் காரணமாக இருக்குமா?
– வாசகர், பூம்பாறை

அளவைப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி, இப்படியும் வாசகர்கள் இருக்கிறார்கள். மைனஸ் 27க்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும். மைனஸ் 20ஐ ஒட்டி இருப்பது நல்லது. குரங்கு கடித்திருந்தால் விளக்கு வாரம் ஒரு முறை அல்ல, நிரந்தரமாகச் சிவப்பாகியிருக்கும். முதலில் வீட்டுக்குள் பாருங்கள்: ஃபைபர் வயரைக் கயிறு போல் இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருப்பார்கள், அல்லது ஜன்னல் கதவு நசுக்கிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தளர்வாக விடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வெளியே ஸ்பிளைஸ் (இழையை ஒட்டிய இடம்) அல்லது அழுக்கேறிய கனெக்டர், அது அவர்கள் வேலை. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ஃபைபருக்கு மாறிய பின் கரண்ட் போனால் லேண்ட்லைனும் போய்விடுகிறது. பழைய போன் அப்படி இல்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ணைக்காடு

பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே கம்பி வழியாகக் கரண்ட் கொடுத்தது. கண்ணாடி இழையில் கரண்ட் வராது ஐயா. ஓஎன்டிக்கு ஒரு சிறிய டிசி யூபிஎஸ் வாங்குங்கள், ஓரிரண்டு மணி நேரமாவது தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலும் 12, ஆனால் பார்க்காமல் மாட்டாதீர்கள். இடி வந்தால் ஃபைபர்காரர்களும் கரண்ட் பிளக்கைக் கழற்ற வேண்டும். இழைக்குத்தான் மின்னல் பயமில்லை, அடாப்டருக்கு உண்டு.

வாங்கிய பழைய பங்களாவின் சுவரில் ஐஎஸ்டிஎன் என்று எழுதிய பெட்டி இருக்கிறது. அதை வைத்து வீட்டுக்கு நெட் எடுக்க முடியுமா?
– வாசகர், குன்னூர்

முடியாது. அது 64 கேபிபிஎஸ் வழிகள் இரண்டைச் சேர்த்து 128 கொடுத்த காலத்துப் பெட்டி. இரண்டு வழியும் திறந்திருந்தால் இரண்டு அழைப்புக்கான கட்டணம் ஓடும். பெட்டியைக் கழற்றிவிடுங்கள். அதற்கு வரும் கம்பியை மட்டும் வெட்ட வேண்டாம். அக்காலத்தில் அந்த இணைப்புக்கு நல்ல கம்பி ஜோடியாகப் பொறுக்கிக் கொடுத்திருப்பார்கள், ஏடிஎஸ்எல் கேட்கும்போது அதே ஜோடியைக் கேளுங்கள்.