ரோட்டவேட்டரைக் கழுவினால் நெருப்பெறும்பு போய்விடுமா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பனுக்குத் தெற்கே, நெருப்பெறும்பு பரவியுள்ள பகுதியில், மண்ணைக் கிளறி உழும் பழைய ரோட்டவேட்டர் ஒன்றை வாங்கி, பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் உள்ள உங்கள் நிலத்துக்குக் கொண்டுபோகப் போவதாகவும், வந்து சேர்ந்தபின் நன்றாகக் கழுவிவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது புறப்படும் இடத்திலேயே சுத்தமாக வேண்டும். உங்கள் நிலத்தில் வைத்துக் கழுவினால், எறும்பை நீங்களே தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டதாகத்தான் ஆகும்.

பிரிஸ்பனுக்குத் தெற்கே உள்ள லோகன் பகுதியில் எனக்கு ஒரு சிறிய காய்கறித் தோட்டம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், மேற்கே ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் நிலம் வாங்கிய நண்பருக்கு என் ரோட்டவேட்டரை இரவல் கொடுத்தேன். அனுப்பும் முன் பிரஷர் வாஷரால் அரை மணி நேரம் அடித்ததில் கத்திகள் பளபளத்தன. ஆனால் மூடித் தகட்டின் உட்புறத்திலும், கத்தித் தண்டின் இரு முனைகளிலும், சட்டத்தின் இரும்புக் குழாய்களுக்குள்ளும் இறுகிக் கிடந்த மண்ணை நான் தொடவில்லை. அதற்கு முன் இரண்டு மாதம் அந்தக் கருவி கொட்டகைக்கு வெளியே வெறுந்தரையில் கிடந்ததையும் நான் பொருட்படுத்தவில்லை. எட்டு மாதம் கழித்து நண்பர் அழைத்தார். கருவியை இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில், மேலே வாயிலே தெரியாத ஒரு மண்மேடு. குச்சியால் தொட்டதும் செம்பழுப்பு எறும்புகள், 2 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில், பொங்கி வந்திருக்கின்றன. அதற்குள் அவருடைய சிறிய மகளின் காலெல்லாம் சீழ்க் கொப்புளங்கள்.

என் கருவியால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம், ராணி எறும்பு பறந்தே வந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பறக்கும்தான், ஆனால் ஒரே பறப்பில் சில கிலோமீட்டருக்குமேல் போவது அரிது. அவர் வாங்கிய வைக்கோல் கட்டுகளோடு வந்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மண்ணைச் சுரண்டாமல் அனுப்பியவன் நான் என்பது எனக்குத் தெரியும்.

2001இல் பிரிஸ்பனில் கண்டறியப்பட்ட இந்த எறும்பு, தென் அமெரிக்காவின் வெள்ளச் சமவெளிகளைத் தாயகமாகக் கொண்டது. வெள்ளம் வந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பமாக மிதக்கும் உயிரினம், வாஷர் தண்ணீரில் செத்துவிடும் என்று நம்புவது தவறு. அதைவிட ஆபத்தானது, இனச்சேர்க்கை முடித்த ராணி தன்னந்தனியாக மண்ணுக்குள் புகுந்து, வழியை அடைத்துக்கொண்டு, இரை தேடாமலேயே முதல் வேலைக்கார எறும்புகளை வளர்த்துவிடும் என்பது. கருவியின் மேல் ஓர் எறும்பைக்கூடக் காணாமலிருப்பது எதையும் உறுதிப்படுத்தாது.

ஆகவே முதல் வேலை உலர்ந்த வேலைதான். சுரண்டி, கம்பித் தூரிகை, காற்றுக் கம்ப்ரசர் ஆகியவற்றால் மண், வேர், புல் முழுவதையும் எடுத்த பிறகே தண்ணீர். எடுத்த மண் அங்கேயே இருக்கட்டும். டிராக்டரும் சேர்ந்து வந்தால் சக்கர வளையத்தின் உட்புறத்தையும் அடித்தகட்டையும் கழற்றிப் பாருங்கள். சுத்தம் செய்ததை மறுபடி வெறுந்தரையில் நிறுத்தாமல் கான்கிரீட் தளத்தில் நிறுத்துங்கள், ஏனெனில் புதிதாகக் கிளறிய மண்ணை ராணிகள் தேடி வருகின்றன. கருவி நிற்கும் இடத்தைச் சுற்றி எறும்பு மருந்துக் குருணையைத் தூவலாம். ஆனால் சோள நொய்யில் எண்ணெயோடு கலந்த அந்த மருந்து, எறும்புகள் கூட்டுக்குள் கொண்டுபோய் ராணிக்கு ஊட்டினால்தான் பலிக்கும். ஈரத் தரையில் பயன்படாது. கருவியை ஏற்றுவதற்கு முந்தின நாள் தூவியும் பயனில்லை, பலிக்கப் பல வாரங்கள் ஆகும்.

இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர்கள்மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு. துப்புரவுக் கட்டணத்தைத் தவறாமல் வாங்கிக்கொண்டு, முந்தைய வாடிக்கையாளரின் மண் அப்பிய மினி எக்ஸ்கவேட்டரை என்னிடம் இருமுறை ஒப்படைத்திருக்கிறார்கள். எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை.

2023இன் இறுதியில் நியூ சவுத் வேல்ஸின் முர்வில்லும்பாவிலும் இந்த எறும்பு கண்டறியப்பட்டது. உங்கள் மாநிலம் வேளாண் இயந்திரங்களையும் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. உயிரியல் பாதுகாப்புத் துறையிடம் கேட்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள். விற்பவர் எல்லாம் கழுவியாயிற்று என்று சொன்னால், ஒரு ஸ்குரூடிரைவரால் சட்டக் குழாயின் முனையைக் குத்திப் பாருங்கள். மண் உதிர்ந்தால் வண்டியில் ஏற்ற வேண்டாம்.