ஊரில் இருந்த ஏ.டி.எம்மைக் கழற்றிவிட்டார்கள், வழக்குப் போடலாமா?

கேள்வி: திருகோணமலையில் குச்சவெளிப் பக்கம் எங்கள் கிராமம். இருந்த ஒரேயொரு ஏ.டி.எம்மை வங்கி கழற்றிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து ஊரில் இருப்பது வேறு வங்கியின் மெஷின், காசு எடுக்கும்போதெல்லாம் 30 ரூபா வெட்டுகிறது. அப்பாவுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிக் காசு வங்கிக்குத்தான் வருகிறது. அவருக்கு நடக்க ஏலாது. கார்டையும் பின் நம்பரையும் ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்து எடுப்பிக்கிறார். வங்கிமேல் வழக்குப் போடலாமா, சேர்?

பதில்: வழக்கைப் பிறகு பார்ப்போம். அப்பா பின் நம்பர் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்குக் கணக்கில் காசு குறைந்தால், நம்பரை நீங்களே கொடுத்தீர்கள் என்று வங்கி கைவிரித்துவிடும். கார்டுக்கு ஒப்பமிட்டபோது அப்பா ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளும் அதற்குச் சாதகமாகவே இருக்கும். நம்பரை மாற்றிவிட்டு, கிளை முகாமையாளரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். நொத்தாரிசு முன்னிலையில் உங்கள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (அப்பா சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வங்கியில் பதிந்தால், அப்பாவுக்காக நீங்களே பணம் எடுக்கலாம்.

சரி, வழக்கு. இன்ன ஊரில் ஏ.டி.எம் வைத்தே ஆகவேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இலங்கையில் இல்லை. அதனால் மாவட்ட நீதிமன்றம் போய்ப் பயனில்லை. அரச வங்கியாக இருந்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம்தான். ஆனால் பாரபட்சம் காட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். செலவை யோசித்தால் அந்த வழியில் உங்களை இறக்க எனக்கு மனமில்லை.

பிரித்தானியாவில் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் 2024 செப்டெம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளன. பெரிய வங்கியொன்று கிளையையோ மெஷினையோ மூடுமுன் அந்த ஊர் மக்களுக்கு என்ன குறையும் என்று ஆராய வேண்டும். மாற்று வசதி தேவையென்று கண்டால் அதைச் செய்துவிட்டுத்தான் மூடலாம். சாதாரண வாடிக்கையாளர் கட்டணமின்றிப் பணம் எடுக்கவும் அங்கே பாதுகாப்பு உண்டு. நமக்கும் அப்படியொன்று வேண்டும். ஏழையின் உதவித்தொகையை அரசாங்கமே வங்கிவழியாகக் கொடுக்கிறது. அதை எடுக்கப் போகிறவரிடம் கட்டணம் வெட்டுவது நியாயமே இல்லை.

ஆனாலும் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. வேறு வங்கி மெஷினில் வெட்டும் கட்டணத்துக்கு மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதைவிட ஒரு ரூபா கூட வெட்டியிருந்தாலும் திருப்பிக் கேட்கலாம், துண்டுகளை எறியாதீர்கள். மெஷினை எடுத்த வங்கிக்கு ஊர்ச் சார்பில் ஒரு கடிதம் எழுதுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஒப்பமிட்டால் கனம் கூடும். மெஷினை மீண்டும் வைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் உதவித்தொகை வரும் நாட்களிலாவது நடமாடும் வங்கி வாகனம் அனுப்பச் சொல்லுங்கள். பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்குவது முக்கியம்.

பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள், தொலைபேசி 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. அரச வங்கியென்றால் இன்னொரு பிடியும் உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மெஷினை எடுக்க யார், எந்தக் காரணத்துக்காக முடிவெடுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். பதில் வந்ததும் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள், அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.