காப்பானுக்குள் நகரும் தற்சுழற்சி: பினாங்கு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பட்டர்வொர்த் மாணவி: ஐயா, மின்சாரத்தையே கடத்தாத காந்தப் படலத்தைச் சூடாக்கினால் அதற்குள் எதுதான் நகர்கிறது?

பதில்: எலக்ட்ரான்கள் இடம்பெயர்வதில்லை. இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காப்பானில், அதாவது மின்சாரம் கடத்தாத காந்தப் பொருளில், இரும்பு அயனிகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். அவை பிணைந்திருப்பதால் ஒன்று சாய்ந்தால் அடுத்ததும் சாய்கிறது. செபராங் பிறை வயல்களில் நெற்கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, காற்றின் அலை மட்டும் வரப்புவரை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய காந்த அலையின் மிகச்சிறிய அலகே மேக்னான். வெப்பம் அதைச் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளும்போது தற்சுழற்சியும் (ஸ்பின், துகள்களின் காந்தத்தன்மைக்கு அடிப்படையான பண்பு) உடன் செல்கிறது. இதைத்தான் தற்சுழற்சி சீபெக் விளைவு என்கிறோம்.

கெலுகோர் மாணவர்: அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: படலத்தின்மேல் சில நானோமீட்டர் பிளாட்டினம் பூசுவார்கள். எல்லையில் கைமாறும் தற்சுழற்சியை, தலைகீழ் தற்சுழற்சி ஹால் விளைவு பக்கவாட்டு மின்னழுத்தமாக மாற்றுகிறது; சில கெல்வின் வேறுபாட்டுக்குக் கிடைப்பது மைக்ரோவோல்ட் அளவுதான். ஜப்பானில் இயற்பியலாளர் சைட்டோவின் குழு இந்த விளைவை 2008இல் நிக்கல் இரும்புக் கலப்புலோகத்திலும் 2010இல் காப்பானிலும் காட்டியது.

அதே மாணவர்: காந்தப்புலத்தைத் திருப்பியதும் என் மின்னழுத்தத்தின் குறி மாறியது. இது போதிய சான்றா?

பதில்: போதாது, இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். காந்தத்தைத் தொட்டிருக்கும் பிளாட்டினம் எல்லையருகே தானும் சற்றுக் காந்தமாகிவிட்டால், அசாதாரண நெர்ன்ஸ்ட் விளைவும் (காந்தமான உலோகத்தில் வெப்பச் சரிவே பக்கவாட்டு மின்னழுத்தம் தருவது) அதே திசையில், அதே குறிமாற்றத்தோடு மின்னழுத்தம் தரும். 2012இல் இந்த ஐயம் ஆய்வாளர்களிடையே வலுவாக எழுந்தது. ஆகவே, எளிதில் காந்தமாகாத தங்கத்தைப் பூசியும் அளந்து பாருங்கள். டங்ஸ்டனின் தற்சுழற்சி ஹால் கோணம் (தற்சுழற்சி மின்சாரமாக மாறும் அளவையும் குறியையும் காட்டும் எண்) பிளாட்டினத்துக்கு எதிர்க்குறி கொண்டது என்பதால், அதைப் பூசும்போது குறி புரளவேண்டும். வெப்பச் சரிவைப் படலத்தின் தளத்திலும் காந்தப்புலத்தை அத்தளத்துக்குச் செங்குத்தாகவும் வைத்தால் நெர்ன்ஸ்ட் பங்கு மட்டுமே எஞ்சும். அங்கு எதுவும் தெரியாவிட்டால்தான் முதல் அளவீட்டை நம்பலாம்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: படலம் தடிமனானால் சமிக்ஞை கூடுமா?

பதில்: ஓரளவுவரை கூடும். மேக்னான் கடக்கக்கூடிய தொலைவுக்கு அப்பால் பிறப்பவை எல்லையை எட்டாமல் தேய்ந்துவிடுவதால், பிறகு கூடாது.

அதே பொறியாளர்: எங்கள் ஆலையின் கழிவு வெப்பத்தை இதனால் மின்சாரமாக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இயலாது, வழக்கமான வெப்பமின் பொருள்களைவிட இதன் திறன் மிகக் குறைவு. ஆயினும் வெப்பம் செங்குத்தாகவும் மின்னழுத்தம் பக்கவாட்டிலும் அமைவதால், பிளாட்டினத்தின் நீளத்தைக் கூட்டினாலே மின்னழுத்தம் கூடுகிறது. அகன்ற பரப்பில் பூசத்தக்க எளிய அமைப்பு என்பதால்தான் இதைத் தொடர்ந்து ஆராய்கிறோம்.