டிஎஸ்எச் சரி, ஆன்டிபாடி அதிகம்: மாத்திரை வேண்டுமா?

கேள்வி: வயது 31. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது, 7-ஆவது வாரத்தில் ஒன்று, 9-ஆவது வாரத்தில் ஒன்று. இப்போது டிஎஸ்எச் 2.1 இருக்கிறது. ஆனால் டிபிஓ ஆன்டிபாடி 480 (லேப் ரிப்போர்ட்டில் 35-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது). ஒரு டாக்டர் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதித் தந்தார். இன்னொருவர் வேண்டாம் என்கிறார். ஆன்டிபாடியைக் குறைத்தால்தான் குழந்தை தங்குமா? தைராய்டுக்கு ஆகாது என்று வீட்டில் முட்டைக்கோஸையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிட்ட எதனாலும், செய்த எந்த வேலையாலும் அந்தக் கருக்கள் கலையவில்லை.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன். அது கூடினால் தைராய்டு மந்தம் என்று பொருள். டிபிஓ என்பது தைராய்டு ஹார்மோன் தயாரிக்கச் சுரப்பிக்குத் தேவைப்படும் ஒரு நொதி. நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கும்போது இந்த ஆன்டிபாடி உருவாகிறது. இதனால் வரும் சுரப்பி அழற்சியை 1912-இல் விவரித்தவர் ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் ஹாஷிமோட்டோ. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த ஆன்டிபாடி உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சிக்கலின்றிப் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆனாலும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆன்டிபாடி இருந்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது. இல்லாதவர்களில் 8 சதவீதம். கர்ப்பத்தில் தைராய்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் கரு முழுக்க முழுக்க அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. ஏற்கெனவே அழற்சி உள்ள சுரப்பி அந்த நேரத்தில் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். எதிர்ப்பு மண்டலத்தின் பொதுவான கோளாறுக்கு இந்த ஆன்டிபாடி ஓர் அடையாளம் மட்டுமே என்று கருதுபவர்களும் உண்டு.

அப்படியென்றால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் என்ன? உங்களுக்கு எழுதித் தந்த டாக்டரும் அப்படித்தான் யோசித்திருப்பார். இதை நேரடியாகவே சோதித்துவிட்டார்கள். பிரிட்டனில் உங்களைப் போலவே தைராய்டு அளவு சரியாகவும் ஆன்டிபாடி அதிகமாகவும் இருந்த, கருச்சிதைவோ குழந்தையின்மையோ கண்ட 950-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று கருத்தரிக்கும் முன்பே கொடுத்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. இரு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 37 பேர்தான் உயிருடன் குழந்தை பெற்றார்கள். மீண்டும் மீண்டும் கரு கலைந்தவர்களிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வும் 2022-இல் இதையே காட்டியது. அதனால் டிஎஸ்எச் 2.1 உள்ள உங்களுக்கு நான் இரண்டாவது டாக்டர் பக்கம். ஏற்கெனவே மாத்திரையைத் தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடம் பேசுங்கள். டிஎஸ்எச் 4-ஐத் தாண்டினால் கதை வேறு, அப்போது மாத்திரை வேண்டும். 2.5-க்கு மேல் 4-க்குள் இருந்தால், அதிலும் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்யப்போகிறவர் என்றால், டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

480-ஐக் குறைக்க எதுவும் செய்ய வேண்டாம். அந்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் வீண் செலவு. செலினியம் மாத்திரை, ஸ்டீராய்டு எதுவும் இதற்காகத் தேவையில்லை. முட்டைக்கோஸை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். எனக்குக் கவலை உப்பில்தான். ஆரோக்கியம் என்று சொல்லிப் பல வீடுகளில் இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். சாதாரண இந்துப்பில் போதிய அயோடின் கிடையாது. கர்ப்பத்தில் நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்பதால் அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள்.

நீங்கள் உண்மையில் செய்ய வேண்டியது கண்காணிப்பு. சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்ததும், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல், அன்றோ மறுநாளோ டிஎஸ்எச் பாருங்கள். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 30-ஆவது வாரத்தையொட்டி இன்னொரு முறை. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது அளவைத் தப்பாகக் காட்டும். பின்னால் தைராய்டு மாத்திரை தேவைப்பட்டால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியாவது பொறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொன்று. ஆன்டிபாடி கிடைத்துவிட்டது என்று தேடலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். இரண்டு முறை கலைந்த பிறகு ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தம் எளிதில் உறையச் செய்யும் வேறொரு வகை ஆன்டிபாடி) பரிசோதனை அவசியம். அதில் பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்வார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. கர்ப்பப்பையின் அமைப்பையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின்னும் கவனம் தேவை. டிபிஓ ஆன்டிபாடி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது முதல் ஆண்டுக்குள் தைராய்டு தடுமாறும். முதலில் படபடப்பு, அப்புறம் களைப்பும் மனச்சோர்வும் வரும். வீட்டில் இதைப் பிள்ளை வளர்க்கும் அலுப்பு என்று விட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அடுத்த டிஎஸ்எச் எப்போது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.